அப்பாவுக்கு ரெண்டே நாள்ல கால் ரெண்டும் துவண்டு போச்சு, ப்ராஸ்டேட் கேன்சர் சிகிச்சை நடந்துட்டு இருக்கு, என்ன செய்யறது?

கடைக்குட்டி_மகள் (முதல் நாள், இரவு 9:40)

ரொம்ப பதட்டத்துல டைப் பண்றேன், தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க. அப்பாவுக்கு 71 வயசு. ரெண்டு வருஷம் முன்னாடி ப்ராஸ்டேட் கேன்சர்னு தெரிஞ்சப்பவே எலும்புக்குப் போயிருந்துச்சு, இடுப்பெலும்பு, முதுகெலும்பு, ஒரு விலா. மூணு மாசத்துக்கு ஒருதடவை ஹார்மோன் ஊசி, கூடவே கேன்சருக்கு அபிராடிரோன் மாத்திரை, ப்ரெட்னிசலோன்ங்கற ஸ்டீராய்டு. நல்லாத்தான் இருந்தார், தினம் காலையில ஒரு மணி நேரம் நடப்பார், சொன்னாத்தான் தெரியும் உடம்பு சரியில்லாதவர்னு. ஆனா நாலஞ்சு மாசமா ரத்தத்துல பாக்கிற ப்ராஸ்டேட் அளவு, பிஎஸ்ஏ, ஏறிக்கிட்டே வருது.

மூணு வாரமா முதுகுவலி. சாதாரண வலி மாதிரி இல்ல, நெஞ்சைச் சுத்தி பெல்ட்டை இறுக்கிக் கட்டின மாதிரி இருக்குன்னு சொன்னார். படுத்தா இன்னும் அதிகம், ராத்திரி சாய்ஞ்சு உட்கார்ந்துதான் தூங்கறார், தும்மினா துடிச்சுப் போயிடறார். சதை பிடிப்பா இருக்கும்னு நாங்களே முடிவு பண்ணி வலி மாத்திரை குடுத்துட்டு இருந்தோம். நேத்து சாயங்காலம் எழுந்திருக்கும்போது முட்டி மடங்கி அப்படியே நாற்காலியில திரும்ப விழுந்தார். இன்னிக்குக் காலையில கட்டில்ல உட்கார்ந்து செருப்பு போட காலை நீட்டினார், வலது கால் செருப்புக்குள்ள போகவே இல்ல, பக்கத்துலயே இடிச்சுக்கிட்டு இருந்துச்சு, அவர் குனிஞ்சு அந்தக் காலையே பாத்துட்டு இருந்தார், யாரோட காலோ மாதிரி. மதியத்துக்கு மேல ரெண்டு பேர் பிடிச்சும் நிக்க முடியல. சாயங்காலத்துலேர்ந்து யூரினும் போகல, வயிறு உப்பி இருக்கு.

பக்கத்துல காட்டின டாக்டர் வயசு, பலவீனம், ரெஸ்ட் எடுக்கட்டும்னு சொல்லி அனுப்பிட்டார். கேன்சர் டாக்டரோட அப்பாயின்ட்மென்ட் நாலு நாள் கழிச்சு. அதுவரைக்கும் காத்திருக்கலாமா?

ரேடியேஷன்_நர்ஸ் (இரவு 9:48)

காத்திருக்காதீங்க. இப்பவே ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க, கார்ல உட்கார வெச்சு கூட்டிட்டுப் போகாதீங்க. முதுகெலும்புல இருக்கிற கட்டி அதுக்குள்ள ஓடற நரம்புத் தண்டை, அதாவது தண்டுவடத்தை அழுத்துதுன்னு சந்தேகப்படற அளவுக்கு நீங்க சொன்னது எல்லாமே இருக்கு, பெல்ட் மாதிரி வலி, படுத்தா அதிகமாகறது, தும்மினா அதிகமாகறது, கால் பலம் போனது, யூரின் அடைப்பு. இது மாரடைப்பு மாதிரி அவசரம்.

எமர்ஜென்சியில போய் "அப்பாவால நடக்க முடியல"ன்னு மட்டும் சொல்லாதீங்க, வரிசையில உட்கார வெச்சுடுவாங்க. இப்படிச் சொல்லுங்க: "ப்ராஸ்டேட் கேன்சர், முதுகெலும்புக்குப் பரவியிருக்கு, ரெண்டு நாள்ல கால் பலம் போயிடுச்சு, யூரின் போகல, தண்டுவடம் அழுத்தமான்னு பாக்கணும், முழு முதுகெலும்பும் எம்ஆர்ஐ எடுக்கணும்." முழு முதுகெலும்புன்னு ஏன் சொல்றேன்னா ஒரு இடத்துல அழுத்தம் இருந்தா இன்னொரு இடத்துலயும் இருக்க வாய்ப்பு உண்டு, வலிக்கிற இடத்தை மட்டும் எடுத்தா விட்டுப்போகும். பேஸ்மேக்கர் இருந்தா முதல்லயே சொல்லிடுங்க. மாத்திரை சீட்டு, கடைசி ஊசி போட்ட தேதி, பழைய ஸ்கேன் எல்லாம் ஒரு பையில போட்டு எடுத்துக்கோங்க.

தூக்கும்போது முதுகு முறுக்கிக்கக் கூடாது. பெட்ஷீட்டோட சேத்து மூணு நாலு பேர் ஒரே நேரத்துல, மரக்கட்டையை உருட்டற மாதிரி, தலை தோள் இடுப்பு எல்லாம் ஒண்ணா திரும்பணும்.

நிழல்மரம் (இரவு 9:55)

பயப்படாதீங்க சகோதரி, எங்க மாமாவுக்கும் இதே மாதிரி கால் மரத்துப்போய் நல்லா எண்ணெய் போட்டு உருவி விட்டதுல பத்து நாள்ல நடந்தார். ராத்திரி நேரத்துல வயசானவரை அலைக்கழிக்க வேணாம்னு தோணுது.

பிசியோ_அக்கா (இரவு 9:58)

நிழல்மரம், நல்ல மனசோட சொல்றீங்கன்னு புரியுது, ஆனா இங்க அது ஆபத்து. கேன்சர் அரிச்ச எலும்பு பக்கத்துல உருவி விடறது, முதுகை அழுத்தறது, நீவறது எதுவும் கூடாது, எலும்பு நொறுங்கலாம். நான் பதினாறு வருஷமா பிசியோவா இருக்கேன், இந்த நிலைமையில எம்ஆர்ஐ பாக்காம நானே பேஷன்ட் முதுகுல கை வைக்க மாட்டேன். தங்கச்சி, நர்ஸ் சொன்னதைச் செய்ங்க, இதைப் படிச்சுட்டு இருக்காம கிளம்புங்க.

மழைச்சாரல் (இரவு 10:05)

என் வீட்டுக்காரருக்கு இதேதான். நாங்க ஆறு நாள் காத்திருந்தோம், அடுத்த ஊசிக்குப் போகும்போது காட்டிக்கலாம்னு. அவர் அப்புறம் நடக்கவே இல்ல. போங்கம்மா.

கடைக்குட்டி_மகள் (இரண்டாம் நாள், காலை 5:20)

ஆஸ்பத்திரியிலேர்ந்து எழுதறேன். நர்ஸ் சொன்ன வரியை அப்படியே போனைப் பாத்து வாசிச்சேன், முன்னாடி இருந்தவர் முகமே மாறிடுச்சு, உடனே உள்ள எடுத்துட்டாங்க. ட்யூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல யூரின் வந்துச்சு. ராத்திரியே எம்ஆர்ஐ. மார்பு மட்டத்துல எட்டாவது எலும்புல இருந்து கட்டி உள்பக்கமா வளர்ந்து தண்டுவடத்தை நெருக்குது, மேல இன்னொரு எலும்புலயும் கொஞ்சம் ஆரம்பிச்சிருக்கு. டெக்ஸாமெதசோன்ங்கற ஸ்டீராய்டு 16 மில்லிகிராம் போட்டாங்க. காலையில ரேடியேஷன் டாக்டரும் முதுகெலும்பு சர்ஜனும் சேந்து பேசுவாங்களாம். அதுவரைக்கும் மல்லாக்கப் படுத்தே இருக்கணும், தலையணை கூட இல்ல.

அப்பா கேட்டார், "போர்வைக்குள்ள என் கால் இருக்கா, பாரு"ன்னு. இருக்குப்பான்னு சொன்னேன். அதுக்கு மேல எனக்குப் பேச வரல.

ஆபரேஷனா ரேடியேஷனான்னு கேட்டா என்ன சொல்றது?

ரேடியேஷன்_நர்ஸ் (காலை 6:10)

நல்லவேளை போனீங்க. பிரிட்டன்ல இருக்கிற வழிகாட்டுதல்ல கால் பலம் குறைஞ்சிருந்தா எம்ஆர்ஐ 24 மணி நேரத்துக்குள்ள, முடிவு தெரிஞ்சதும் சிகிச்சை அடுத்த 24 மணி நேரத்துக்குள்ளன்னு போட்டிருக்கு, உங்களுக்கு அந்த வேகம் கிடைச்சிருக்கு. ஸ்டீராய்டு தண்டுவடத்தைச் சுத்தி இருக்கிற வீக்கத்தைக் குறைக்கும், கட்டியைக் கரைக்காது, அது அடுத்த சிகிச்சை வரைக்கும் நேரம் வாங்கித் தர்றது. சுகர் எகிறும், தூக்கம் கெடும், வயித்துக்குப் பாதுகாப்பா மாத்திரை சேத்துத் தருவாங்க. அதை நீங்களா நிறுத்தக் கூடாது, படிப்படியா குறைச்சுத்தான் நிறுத்துவாங்க.

ஆபரேஷன் விஷயம். 2005-ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்த ஒரு ஆய்வுல அழுத்தத்தை ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டு அப்புறம் ரேடியேஷன் குடுத்தவங்கள்ல 84 சதவீதம் பேர் நடந்தாங்க, வெறும் ரேடியேஷன் மட்டும் வாங்கினவங்கள்ல 57 சதவீதம். இதைக் கேட்டதும் ஆபரேஷன்தான் நல்லதுன்னு தோணும். ஆனா அந்த ஆய்வுல சேத்தவங்க எல்லாம் ஒரே இடத்துல அழுத்தம் உள்ளவங்க, கால் முழுசா போய் 48 மணி நேரத்துக்கு மேல ஆகாதவங்க, ஆபரேஷனைத் தாங்கற உடம்பு உள்ளவங்க. அப்பாவுக்கு எலும்பு சரிஞ்சு நிக்காம ஆடுதா, எத்தனை இடம், இதயம் நுரையீரல் எப்படி இருக்கு, இதையெல்லாம் வெச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க. நீங்க கேக்க வேண்டிய கேள்வி "எது நல்லது"ன்னு இல்ல, "எங்க அப்பாவோட முதுகெலும்பு நிலையா இருக்கா, எப்போ உட்கார வைக்கலாம்"னு கேளுங்க, அந்தப் பதில்லயே மத்ததெல்லாம் வரும்.

தெற்குக்காற்று (காலை 7:30)

எங்க அப்பா விஷயம் வேற, ஆனா இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு உதவும்னு சொல்றேன். அவரும் திடீர்னு நடக்க முடியாம போனார், நாங்க தண்டுவடம்னு பயந்தோம், எம்ஆர்ஐ சுத்தம். கடைசியில தொடையெலும்பு மேல்பக்கம், இடுப்புகிட்ட, கேன்சர் அரிச்சு விரிசல் விட்டிருந்துச்சு. காலை ஊன்றினா கவட்டையில குத்தற மாதிரி வலி, படுத்தா சுத்தமா இல்ல, கால்ல உணர்ச்சியும் பலமும் இருந்துச்சு, ஊன்ற மட்டும் முடியல. உள்ள ராடு போட்டாங்க, அப்புறம் ரேடியேஷன். ரெண்டு மாசம் முன்னாடியே அந்த வலியைச் சொல்லியிருந்தா உடையறதுக்கு முன்னாடியே ராடு போட்டிருக்கலாமாம். கேன்சர் எலும்புல இருந்தா தொடை வலியையும் சின்னதா நினைக்காதீங்க.

கடைக்குட்டி_மகள் (மூன்றாம் நாள்)

ரெண்டு இடத்துல அழுத்தம், இதயமும் பலவீனம், அதனால ஆபரேஷன் வேணாம்னு ரெண்டு டாக்டரும் சேந்தே சொன்னாங்க. எலும்பு நிலையா இருக்கு, அது வரைக்கும் நிம்மதி. அஞ்சு நாள் ரேடியேஷன், நாளுக்கு 4 கிரே (ரேடியேஷனை அளக்கற அலகு). ஒரே தடவை 8 கிரேயும் குடுக்கலாம்னு பேசினாங்க. முதல் சிட்டிங் முடிஞ்சு ராத்திரி வலி கூடிடுச்சு, பயந்து நர்ஸைக் கூப்பிட்டேன், முதல் ரெண்டு மூணு நாள் அப்படி ஏறி இறங்கும்னு சொன்னாங்க.

இடது கால் கட்டைவிரல் அசையுது. போர்வையை விலக்கி அப்பாகிட்ட "அசைங்கப்பா"ன்னு சொன்னா நெத்தி நரம்பு புடைக்க முயற்சி பண்றார், அந்த ஒரு விரல் மட்டும் கொஞ்சமா மேல வருது. வலது கால்ல ஒண்ணுமே இல்ல.

அவருக்கு என்ன நடந்துச்சுன்னு முழுசா சொல்லலாமான்னு வீட்ல ரெண்டு கட்சி. அண்ணன் சொல்லவே கூடாதுங்கறான், உடைஞ்சு போயிடுவார்னு.

எழுபதைத்_தொட்டவர் (மூன்றாம் நாள், மாலை)

நான் பேஷன்ட். எனக்கும் ப்ராஸ்டேட், எனக்கும் தண்டுவடம், ஒன்றரை வருஷம் ஆச்சு. உங்க அண்ணன்கிட்ட இதைக் காட்டுங்கம்மா. கால் அசையலைன்னு உங்க அப்பாவுக்குத்தான் முதல்ல தெரியும், உங்க எல்லாருக்கும் முன்னாடி தெரியும். தெரியாம வெச்சிருக்கறதா நீங்க நினைச்சுட்டு இருக்கீங்க, அவரும் உங்களுக்காகத் தெரியாத மாதிரி இருப்பார், கட்டில்ல ஒருத்தர், சுத்தி அஞ்சு பேர், எல்லாரும் நடிச்சுக்கிட்டு. எனக்கு அதுதான் கால் போனதை விட கஷ்டமா இருந்துச்சு. வாசல்ல போய் டாக்டர்கிட்ட கிசுகிசுன்னு பேசிட்டு சிரிச்ச முகத்தோட உள்ள வருவாங்க. ஒருநாள் நானே கத்திட்டேன், இங்க வந்து பேசுங்கடான்னு.

எவ்வளவு சொல்லணும்னு அவர்கிட்டயே கேளுங்க. "டாக்டர் சொன்னதை எல்லாம் சொல்லட்டுமாப்பா, இல்ல அடுத்து என்ன செய்யணும்னு மட்டும் போதுமா?" இவ்வளவுதான் கேள்வி.

மழைச்சாரல் (மூன்றாம் நாள், இரவு)

இதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் அழுதேன். நாங்க கடைசி வரைக்கும் சொல்லல. அவரும் கேக்கல.

கடைக்குட்டி_மகள் (நான்காம் நாள்)

கேட்டேன். அண்ணன் பக்கத்துல நின்னான். அப்பா கொஞ்ச நேரம் மேல பாத்துட்டு இருந்துட்டு "நடப்பேனா மாட்டேனான்னு மட்டும் கேட்டுச் சொல்லு"ன்னார். டாக்டரை வரவெச்சு அவர் முன்னாடியே கேட்டோம். வரும்போதே நடக்க முடியாம வந்தவங்களுக்கு முழுசா திரும்ப வர்றது கஷ்டம், ஆனா கால் போன அன்னிக்கே கூட்டிட்டு வந்துட்டீங்க, விரல் அசையறது நல்ல அறிகுறி, மூணு மாசம் பாக்கணும், இப்பவே எதுவும் எழுதி வைக்காதீங்கன்னு சொன்னார். அப்பா தலையாட்டினார். அன்னிக்கு ராத்திரி தூங்கினார்.

பிசியோ_அக்கா (ஐந்தாம் நாள்)

தங்கச்சி, டாக்டர் உட்கார வைக்கலாம்னு அனுமதி குடுத்துட்டா இனிமே எங்க வேலை ஆரம்பம். ரெண்டு நாள்ல வீட்டுக்கு அனுப்பினாலும் அனுப்புவாங்க, அதுக்கு முன்னாடி வார்டு பிசியோவை விடாதீங்க, நாலு விஷயத்தை அவங்க செஞ்சு காட்டி நீங்க திருப்பி செஞ்சு காட்டணும். படுக்கையில திருப்பறது, உட்கார வைக்கறது, கட்டில்லேர்ந்து வீல்சேருக்கு மாத்தறது, கீழ விழுந்தா எழுப்பறது. ஆஸ்பத்திரியில பாத்து வெச்சுட்டு வந்தா போதாது, உங்க கையால செஞ்சிருக்கணும்.

முதல் தடவை உட்கார வைக்கும்போது தலை சுத்தும், நாள் கணக்கா படுத்தவருக்கு ரத்த அழுத்தம் இறங்கும், கட்டில் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமா உசத்துங்க. உட்காரும்போது முதுகுவலி திடீர்னு ஏறினாலோ கால் இன்னும் துவண்டாலோ உடனே திரும்பப் படுக்க வெச்சு டாக்டருக்குச் சொல்லுங்க.

அக்குள்ல கையைக் குடுத்து தூக்காதீங்க. எல்லாரும் இதைத்தான் செய்வாங்க, அவர் தோள்பட்டையும் போகும் உங்க இடுப்பும் போகும். இடுப்புல கட்டற டிரான்ஸ்ஃபர் பெல்ட் வாங்குங்க, கட்டிலுக்கும் வீல்சேருக்கும் நடுவுல வெச்சு நகர்றதுக்கு வழுவழுப்பான பலகை இருக்கு, கால்ல பலம் இல்லாட்டியும் கைப்பலத்துல அவரே நகரலாம். வீல்சேர் பிரேக் ரெண்டு பக்கமும் போட்டாச்சான்னு ஒவ்வொரு தடவையும் பாருங்க, நான் பாத்த விழறதுல பாதி பிரேக் போடாததால.

படுக்கைப் புண். இதை நான் கத்திச் சொல்லணும் போல இருக்கு. உணர்ச்சி குறைஞ்ச இடத்துல புண் வந்தா அவருக்கு வலிக்காது, அதனால சொல்ல மாட்டார், நீங்கதான் பாக்கணும். தினம் ரெண்டு வேளை குதிகால், இடுப்புக்குக் கீழ முதுகு முடியற இடம், இடுப்போட ரெண்டு பக்கம், முழங்கை. சிவந்திருந்தா விரலால அழுத்தி எடுங்க, வெளுத்துட்டு திரும்ப சிவந்தா பரவாயில்ல, அழுத்தியும் சிவப்பு மாறலைன்னா புண் ஆரம்பிச்சாச்சு, அந்தப் பக்கம் படுக்கவே கூடாது. நிறம் கறுப்பா இருக்கிறவங்களுக்கு சிவப்பு தெரியாது, சூடா இருக்கா, கெட்டியா இருக்கான்னு தொட்டுப் பாருங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை திருப்பறது, காத்தடிச்சு மாறி மாறி உப்பற மெத்தை, கெண்டைக்கால் அடியில தலையணை வெச்சு குதிகால் மெத்தையில படாம தொங்கறது. மெத்தை வாங்கிட்டோம்னு திருப்பறதை நிறுத்திடாதீங்க.

கடைக்குட்டி_மகள் (ஒன்பதாம் நாள்)

வீட்டுக்கு வந்துட்டோம். ஆம்புலன்ஸ்லேர்ந்து இறக்கும்போது அப்பா கண்ணை மூடிக்கிட்டார், பக்கத்து வீட்டுக்காரங்க நின்னு பாத்துட்டு இருந்தாங்க.

அக்கா, நீங்க சொன்ன நாலையும் செஞ்சு பழகிட்டுத்தான் வந்தேன். கஷ்டம் எங்கன்னா யூரின் பை காலி பண்றது, பின்னாடி கழுவி விடறது. நான் பைகிட்ட போனாலே அவர் முகத்தை சுவத்துப் பக்கம் திருப்பிக்கறார். நாலு நாளா மோஷனும் போகல. சாப்பிடறதைக் குறைச்சுட்டார், எனக்கு வேலை வைக்கக் கூடாதுன்னு சாப்பிடாம இருக்கார்னு அம்மா சொல்றாங்க. பகல் பூரா படுத்தே இருக்கார், ஸ்டீராய்டால ராத்திரி முழிச்சுட்டு இருக்கார்.

எழுபதைத்_தொட்டவர் (ஒன்பதாம் நாள்)

பெத்த பொண்ணு கழுவி விடறதை எந்த அப்பனாலயும் லேசா எடுத்துக்க முடியாதும்மா. உங்க மேல கோபம் இல்ல. எங்க வீட்ல என் மகன் ஒரு வழி செஞ்சான். கதவைச் சாத்துவான், துண்டைப் போட்டு மூடுவான், தேவையான இடத்தை மட்டும் விலக்குவான், கையில துணியைக் குடுத்து "முன்பக்கம் நீங்க பாத்துக்கோங்க, பின்பக்கம் நான்"ங்கறான். பாதி வேலை என் கையில வந்ததும் எனக்குப் பாதி கூச்சம் போச்சு. யார் செய்யணும்னும் அவரையே கேளுங்க, ஒருவேளை உங்க அண்ணனையோ வெளியாளையோ கேப்பார், அப்படிக் கேட்டா மனசுல வெச்சுக்காதீங்க.

இன்னொண்ணு, தொடறதுக்கு முன்னாடி சொல்லுங்க. எனக்கு இடுப்புக்குக் கீழ பாதி உணர்ச்சிதான், திடீர்னு உடம்பு நகரும், யாரு எங்க பிடிச்சாங்கன்னே தெரியாது, மூட்டை மாதிரி இருக்கும். "இப்போ இடது பக்கம் திருப்பப் போறேன், ஒண்ணு ரெண்டு மூணு"ன்னு சொன்னா நானும் என்னால முடிஞ்ச அளவு கூட வருவேன்.

ரேடியேஷன்_நர்ஸ் (ஒன்பதாம் நாள், இரவு)

மோஷன் விஷயத்தை நாளைக்குத் தள்ளாதீங்க. வலிக்கு மார்ஃபின் மாதிரி மாத்திரை குடுத்திருந்தா கூடவே மலமிளக்கியும் தினம் இருக்கணும், டிஸ்சார்ஜ் சீட்டுல எழுதியிருக்கான்னு பாருங்க, இல்லைன்னா போன் பண்ணிக் கேளுங்க. தண்டுவடம் அடிபட்டா குடலும் மந்தமாகும், தினம் ஒரே நேரத்துல சாப்பிட்டு அரைமணி கழிச்சு கமோட் சேர்ல உட்கார வெச்சு பழக்கணும். தேவைப்பட்டா ஆசனவாய்ல வைக்கிற மாத்திரை, அதை நர்ஸ் சொல்லித் தருவாங்க.

யூரின் பை எப்பவும் வயித்து மட்டத்துக்குக் கீழ தொங்கணும், ட்யூப் மடங்கக் கூடாது. காய்ச்சல், குளிர், யூரின் கலங்கி நாத்தம், எது வந்தாலும் கூப்பிடுங்க. ஒரு கால் மட்டும் வீங்கி சூடா இருந்தா உள்ள ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கலாம், மூச்சு வாங்கினா எமர்ஜென்சி.

ஸ்டீராய்டு சாயங்காலம் குடுக்கறீங்களா? டாக்டர்கிட்ட கேட்டு காலையிலயும் மதியமுமா மாத்திக்கோங்க, தூக்கம் வரும். கூடவே இன்னொரு விஷயம், ஸ்டீராய்டு வாரக்கணக்கா போனா தொடைத் தசை கரையும், நாற்காலியிலேர்ந்து எழ முடியாது, படி ஏற முடியாது. அபிராடிரோன் பொட்டாசியத்தைக் குறைக்கும், அதுவும் பலவீனம் தரும், ரத்தத்துல பாக்கச் சொல்லுங்க. ஹார்மோன் ஊசியே தசையையும் எலும்பையும் மெலிய வைக்கும். நாளைக்கு அப்பா இன்னும் பலவீனமானா எல்லாம் தண்டுவடம்னு நினைச்சு கையை விட்டுடாதீங்க, இதுல சிலது சரி பண்ணக் கூடியது. எலும்பைப் பலப்படுத்தப் போடற ஊசி பத்தியும் கேளுங்க, அதுக்கு முன்னாடி பல் டாக்டரைப் பாத்துடணும், தாடையெலும்பு பாதிக்க வாய்ப்பு இருக்கறதால.

தெற்குக்காற்று (இருபத்திநாலாம் நாள்)

எப்படி இருக்கார் அப்பா? வீல்சேர் வாங்கிட்டீங்களா? எங்க வீட்ல வீல்சேர் வாங்கவே கூடாதுன்னு நான் ரொம்ப நாள் பிடிவாதமா இருந்தேன். அதுல உட்கார்ந்துட்டா அப்புறம் எழவே மாட்டார், சோம்பேறி ஆயிடுவார்னு. இப்பவும் எனக்கு அந்தப் பயம் இருக்கு.

பிசியோ_அக்கா (இருபத்திநாலாம் நாள்)

தெற்குக்காற்று, நடக்கப் பழக்கறதும் வீல்சேரும் ஒண்ணுக்கொண்ணு எதிரி இல்ல. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் சக்தி, கேன்சர்ல அது இன்னும் கம்மி. அந்த சக்தியை பாத்ரூம் வரைக்கும் இழுத்து இழுத்து நடந்தே தீத்துட்டா பயிற்சிக்கு என்ன மிஞ்சும்? நகர்றதுக்கு வீல்சேர், பயிற்சி நேரத்துல நிக்கறது நடக்கறது, இப்படித்தான் நான் பிரிப்பேன். வீல்சேர் வந்தா மனுஷன் ரூமை விட்டு வெளிய வருவார்.

எழுபதைத்_தொட்டவர் (இருபத்திநாலாம் நாள்)

வீல்சேர்ல உட்கார்ந்த அன்னிக்குத்தான் நான் நாலு மாசத்துக்கு அப்புறம் எங்க வீட்டு சமையலறையைப் பாத்தேன். யாரையும் கூப்பிடாம, நானா போய். சோம்பேறித்தனம்னு யாராவது அப்போ சொல்லியிருந்தா பேச்சையே விட்டிருப்பேன். தம்பி, உங்க அப்பாகிட்ட கேட்டீங்களா?

தெற்குக்காற்று (இருபத்திநாலாம் நாள்)

கேக்கல ஐயா. இன்னிக்குக் கேக்கறேன்.

கடைக்குட்டி_மகள் (இருபத்தேழாம் நாள்)

லேட்டா எழுதறேன், நேரமே இல்ல. இடது கால் முழுசா மடக்கி நீட்டறார். வலது தொடை லேசா இறுகுது, பாதம் இன்னும் தொங்குது, அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஸ்ப்ளின்ட் குடுத்திருக்காங்க. ட்யூப் எடுத்துப் பாத்தாங்க, முதல் தடவை போகல திரும்பப் போட்டாங்க, போன வாரம் எடுத்ததுக்கு அப்புறம் திரும்பப் போட வேண்டி வரல, தானா போறார். யூரின் பாட்டிலை அவரே பிடிச்சுக்கறார், நான் வெளிய நிப்பேன்.

நேத்து வாக்கரைப் பிடிச்சு நின்னார். அண்ணன் பின்னாடி பெல்ட்டைப் பிடிச்சிருந்தான், நான் முன்னாடி வலது முட்டியை என் முட்டியால முட்டுக் குடுத்துட்டு இருந்தேன், அக்கா சொன்ன மாதிரியே. பதினொண்ணு வரைக்கும் எண்ணினோம். கை ரெண்டும் நடுங்கி வாக்கரே சத்தம் போட்டுச்சு. உட்கார்ந்ததும் "நாளைக்கு இருபது"ன்னார். இன்னிக்கு ஒன்பதுதான் முடிஞ்சுது, அதுக்கு ரொம்ப கோபப்பட்டார், சாயங்காலம் வரைக்கும் யார்கிட்டயும் பேசல.

எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிட்டது. அம்மா ராத்திரி ரெண்டு தடவை எழுந்து திருப்பறாங்க, அவங்களுக்கு 66 வயசு. நான் இன்னிக்கு பாத்ரூம் கதவைச் சாத்திட்டு அழுதேன், இதை இங்கதான் சொல்ல முடியுது.

மழைச்சாரல் (இருபத்தேழாம் நாள்)

அம்மாவை ராத்திரியிலேர்ந்து விடுவிங்கம்மா, இதை கண்டிப்பா செய்ங்க. நான் தனியாவே செஞ்சேன், ஏழாவது மாசம் என் முதுகு போச்சு, அப்புறம் அவரைத் திருப்ப யாருமே இல்ல. வாரத்துல ரெண்டு ராத்திரியாவது அண்ணனோ ஆள் வெச்சோ. உங்க ஆஸ்பத்திரியில பாலியேட்டிவ் கேர் டீம் இருந்தா இப்பவே பாருங்க. அந்தப் பேரைக் கேட்டதும் நாங்க கடைசி நாளுக்குன்னு நினைச்சு வேணாம்னுட்டோம். சிகிச்சை நடக்கும்போதே வலி, மோஷன், தூக்கம், வீட்ல இருக்கறவங்களோட களைப்பு எல்லாத்தையும் பாக்கறவங்க அவங்க, எனக்கு அது ஆறு மாசம் லேட்டா தெரிஞ்சுது.

கடைக்குட்டி_மகள் (மூன்று மாதம் கழித்து)

எல்லாருக்கும் சொல்லணும்னு வந்தேன். பாலியேட்டிவ் டீம் மாசம் ரெண்டு தடவை வர்றாங்க. அண்ணன் செவ்வாயும் சனியும் ராத்திரி. கேன்சருக்கு மருந்து மாத்தி கீமோ ஆரம்பிச்சிருக்காங்க, டோசிடாக்செல், விரல் நுனி மரத்துப்போறது வந்தா சொல்லச் சொல்லியிருக்காங்க, ஏற்கனவே மரத்த கால்ல எப்படித் தெரியும்னு அப்பா கேட்டார், டாக்டர் யோசிச்சுட்டு "கைவிரலைக் கவனிங்க, சட்டை பட்டன் போட முடியுதான்னு தினம் பாருங்க"ன்னார்.

வீட்டுக்குள்ள வாக்கர்ல கட்டில்லேர்ந்து ஜன்னல் வரைக்கும், ஒருத்தர் பக்கத்துல இருக்கணும். மத்ததுக்கெல்லாம் வீல்சேர். அவ்வளவுதான் வந்திருக்கு, இன்னும் வருமான்னு கேட்டா டாக்டர் நேரா ஆமான்னும் சொல்லல இல்லைன்னும் சொல்லல. செருப்பு வேணாம்னு பின்பக்கம் மூடின ஷூ வாங்கினோம், பிசியோ சொல்லித்தான், செருப்பு நழுவும்னு. பழைய செருப்பு இன்னும் கட்டிலுக்கு அடியில இருக்கு, எடுக்கப் போனேன், இருக்கட்டும்னார்.

இந்த இழையை அப்பாவுக்கு முதல்லேர்ந்து வாசிச்சுக் காட்டினேன். எழுபதைத் தொட்டவர் எழுதினது வந்தப்பல்லாம் நிறுத்தி ரெண்டாவது தடவை வாசிக்கச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல இதை டைப் பண்றேன்:

"ஐயா, வணக்கம். நான்தான் அந்த அப்பா. என் மகனுக்கு நீங்க சொன்னதுக்கு நன்றி. ஒரு விஷயம் கேக்கணும், டாக்டர்கிட்ட கேட்டேன், ஆனா அனுபவிச்ச ஆள் சொல்லணும். ராத்திரி படுத்து கண்ணயர்ற நேரத்துல வலது கால் தானா துள்ளுது, முட்டி மடங்கி நெஞ்சுக்கு வருது, நான் சொன்னா அசையாத கால் அதுவா துள்ளுது. அன்னிக்கு முதல் தடவை துள்ளினப்ப கால் திரும்பி வந்துருச்சுன்னு இவளைக் கத்திக் கூப்பிட்டேன். உங்களுக்கு அப்படி இருந்துச்சா? நின்னுச்சா?"

எழுபதைத்_தொட்டவர் (அன்றிரவு)

ஐயா, நானும் அப்படித்தான் வீட்டையே எழுப்பினேன். இருந்துச்சு, இப்பவும் இருக்கு. தண்டுவடத்துல அடிபட்ட இடத்துக்குக் கீழ நரம்பு தன்பாட்டுக்கு வேலை செய்யறதாம், தசை இழுப்புன்னு சொல்றாங்க. எனக்கு பேக்லோஃபென் மாத்திரை குடுத்தாங்க, பாதி குறைஞ்சுது, ஆனா அதிகமானா கால் ரொம்ப துவளும், நிக்கும்போது அந்த இறுக்கம் கொஞ்சம் உதவியா இருக்கறதால அளவாத்தான் தர்றாங்க. அதையும் டாக்டர்கிட்ட கேக்காம நிறுத்தக் கூடாது. படுக்கறதுக்கு முன்னாடி முட்டியையும் கணுக்காலையும் பத்து நிமிஷம் மெதுவா நீட்டி மடக்கி விடச் சொல்லுங்க, அன்னிக்கு ராத்திரி துள்ளல் கம்மி. திடீர்னு ரொம்ப அதிகமாச்சுன்னா உடம்புல வேற ஏதோ தொந்தரவுன்னு அர்த்தம், எனக்கு ஒரு தடவை யூரின்ல இன்ஃபெக்ஷன், இன்னொரு தடவை கால் விரல் நகம் உள்ள வளர்ந்திருந்துச்சு, வலியே தெரியல, கால் துள்ளித்தான் சொல்லுச்சு. நகத்தைப் பாருங்க.

எந்த நேரத்துல துள்ளுது உங்களுக்கு? எனக்கு ரெண்டு மணிக்கு மேல. முழிச்சிருந்தா எழுதுங்க, நானும் முழிச்சுத்தான் இருப்பேன்.